பதின்மூன்று படம், ஒரு முகமூடி: ஹலோவீன் தொடரை வரிசைப்படுத்துவது எப்படி?

போன மாரியில் தங்கச்சி கேட்டாள், "அண்ணா, ஹலோவீன் படங்களில எது நல்லம்?" நான் அரை மணித்தியாலம் பேசினேன். "பேசாம நம்பர் போட்டுத் தாங்க" என்றாள். நம்பர் போட உட்கார்ந்த பிறகுதான் அது லேசான வேலை இல்லை என்று விளங்கியது. இரண்டு தடவை பிழைத்துப்போய், மூன்றாம் தடவை சரிவந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் ஹலோவீன் நாளான ஒக்டோபர் 31இல் யாரும் பூசணிக்காயில் முகம் செதுக்குவதில்லை. ஆனாலும் அந்த நாட்களில் மழை பிடித்துவிடும், கல்லடிப் பக்கம் இரவில் கடல் இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்கும். பேய்ப்படம் பார்க்க வேறென்ன வேண்டும்? இவை மைக்கல் மயர்ஸ் என்ற முகமூடிக் கொலைகாரனைச் சுற்றி ஓடும் அமெரிக்கப் படங்கள். வளர்ந்தவர்களுக்கானவை, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போடாதீர்கள். கீழே சில கதை முடிவுகளையும் உடைத்திருக்கிறேன்.

படி 1: ஆண்டோடு எழுதுங்கள்

ஒரு கொப்பியில் இந்த ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள்: 1978, 1981, 1982, 1988, 1989, 1995, 1998, 2002, 2007, 2009, 2018, 2021, 2022. பெயரை மட்டும் எழுதினால் குழம்பிவிடுவீர்கள். வெறும் 'ஹலோவீன்' என்ற பெயரிலேயே 1978, 2007, 2018 என மூன்று படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க 20 மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஒரே கிழமையில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஐந்தாவது படத்துக்குப் பிறகு எல்லாக் கத்தியும் ஒரே கத்தியாகத்தான் தெரியும்.

படி 2: கிளைகளைப் பிரியுங்கள்

நான் முதலில் சறுக்கிய இடம் இது. 2002 படத்தின் தொடக்கத்திலேயே நாயகி லோரி செத்துப்போகிறாள். அடுத்த நாள் 2018 படத்தைப் போட்டால் துவக்கோடு உயிராக நிற்கிறாள்! ஏதோ படத்தைத் தவறவிட்டுவிட்டேன் என்று தேடினேன். தவறவிட ஒன்றும் இல்லை. இந்தத் தொடரில் புதிதாக வருகிறவர்கள் பழைய கதையில் தமக்குப் பிடிக்காததை வெட்டிவிட்டுத் தொடங்குவார்கள்.

முதல் கிளை 1978, 1981, 1988, 1989, 1995. இரண்டாவது 1978, 1981, 1998, 2002. மூன்றாவது ரொப் சோம்பி என்ற இயக்குநர் புதிதாக எடுத்த 2007, 2009. நாலாவது 1978இலிருந்து நேரே 2018, 2021, 2022. இதில் 1981 படம் நடக்கவே இல்லை. அந்தப் படம் சொன்ன 'லோரி கொலைகாரனின் தங்கை' என்ற கதையும் அதோடு போய்விடும். 1982 படம் எந்தக் கிளையிலும் இல்லை. அதில் கொலைகாரன் மைக்கல் மயர்ஸ் கதாபாத்திரமாகவே வருவதில்லை. பிள்ளைகளைக் கொல்லும் முகமூடி விற்கும் ஒரு கம்பனியைப் பற்றிய தனிக்கதை அது.

வரிசைப்படுத்தும்போது கிளையைக் கலக்காதீர்கள். 2018 படம் 1998 படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று புள்ளி குறைப்பது அநியாயம்.

படி 3: எதை அளக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணுவதுதான் புதியவர்கள் செய்யும் வேலை. நானும் எண்ணினேன். அந்தக் கணக்கில் 1978 படம் கீழே போய்விட்டது. அப்போதே கணக்கு பிழை என்று தெரிந்துவிட்டது.

நம்மூர்க் கூத்தை நினைத்துப் பாருங்கள். அபிமன்யு வியூகத்துக்குள் போனால் திரும்பமாட்டான் என்று களரியைச் சுற்றிப் பாயில் கிடக்கும் சின்னவனுக்கும் தெரியும். தெரிந்தும் விடியவிடிய இருக்கிறோம். வரவு எப்படி, மத்தளம் எப்படி, ஆட்டம் எப்படி என்றுதானே காலையில் பேசுகிறோம்? சாவை யாரும் எண்ணுவதில்லை. முகமூடிக் கொலைகாரன் படமும் அப்படித்தான். கதை ஒன்றே, ஆடும் விதம்தான் வேறு. அதனால் நான் மூன்றைத்தான் பார்ப்பேன்.

ஒன்று, வரவு. 1978 படத்தில் மைக்கல் பட்டப்பகலில் வருகிறான். பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே, வேலிச்செடிக்குப் பக்கத்தில், துணி காயும் கொடிக்கு நடுவில் சும்மா நிற்கிறான். பிறகு பார்த்தால் ஆளில்லை. லோரியின் கூட்டாளிகளில் முதல் ஆள் சாகும்போது 91 நிமிடப் படத்தில் பாதிக்கு மேல் ஓடிவிடும்.

இரண்டு, தாளம். 1978 படத்தின் இயக்குநர் ஜோன் கார்பென்டரே அதன் இசையையும் அமைத்தார். அது ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. நாலுக்குப் பழகிய காது ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கி விழும். விரலால் மேசையில் தட்டிப் பாருங்கள், விளங்கும்.

மூன்று, இருப்பதை வைத்துச் செய்த கெட்டித்தனம். அந்தப் படத்துக்குச் சுமார் மூன்று லட்சம் டொலர்தான் செலவு. முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் வரும் கப்டன் கேர்க்கின் மலிவு முகமூடிக்கு வெள்ளை பூசியது. கதை இலினொய் மாநிலத்து இலையுதிர்காலம், ஆனால் படம்பிடித்தது கலிபோர்னியாவின் வசந்தத்தில். இலைகளுக்குப் பழுப்புச் சாயம் அடித்துத் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் திரும்பக் கூட்டி அள்ளி அடுத்த காட்சிக்கும் வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் மூன்றும் இதே மூன்றாக இருக்கத் தேவையில்லை. ஆனால் படம் பார்க்கத் தொடங்கும் முன் எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு எழுதினால் பிடித்த படத்துக்கு ஏற்ற மாதிரி அளவுகோலை வளைத்துவிடுவோம்.

படி 4: படம் முடிந்த கையோடு மூன்று வரி

மூன்று கேள்விக்கும் ஒவ்வொரு வரி. தேத்தண்ணி குடிக்கப் போகும் முன் எழுதுங்கள். அவ்வளவுதான்.

படி 5: துண்டுக் கடதாசி

பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடாதீர்கள். நான் போட்டபோது ஏழு படத்துக்கு ஆறு புள்ளி வந்து நின்றது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆண்டையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பாயில் பரப்புங்கள். இரண்டை எடுத்து, "இன்று இரவு மழை, கரன்ட் போக முன் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் எதைப் போடுவேன்?" என்று கேளுங்கள். வென்றது மேலே. மூன்றாவது துண்டை மேலிருந்து ஒவ்வொன்றோடும் மோதவிட்டு, அது வெல்லும் இடத்தில் நுழையுங்கள். பதின்மூன்றும் முடிய அரை மணித்தியாலம்கூட ஆகாது. ஒரு கிழமை கழித்துக் கொப்பியைப் பார்க்காமல் திரும்பச் செய்யுங்கள். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நிற்பவற்றை விட்டுவிடலாம். இடம் மாறியவற்றை மட்டும் திரும்பப் பாருங்கள்.

எனக்கு வந்த வரிசை: 1978, 2018, 1982, 1981, 1998, 1988, 2007, 2022, 1995, 2021, 2009, 1989, 2002.

1978 முதலிடம் என்பதில் சண்டை இல்லை. 2018 மேலே வந்தது, நாற்பது வருடம் பயத்தோடு வாழ்ந்த ஒரு பெண்ணை ஒழுங்காகக் காட்டியதால். 1998 படத்தில் லோரி மைக்கலின் தலையை வெட்டும் முடிவு அருமை. 2002 படம் வந்து, வெட்டுப்பட்டது வேறு ஆள் என்று சொல்லி அதையும் கெடுத்துவிட்டது. கடைசி இடம் அதற்குத்தான் தகும். 1995 படத்தைப் பார்ப்பதென்றால் அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு, முடிவுகூட வேறு. எதைப் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி என் வரிசையைப் பார்த்துவிட்டு 1982 துண்டைத் தூக்கிப் பன்னிரண்டாம் இடத்தில் வைத்தாள். "அவனே வராத படத்துக்கு வரவு எப்படி அண்ணா பார்த்தீங்க?" என்றாள். நான் பதில் யோசிக்கிறதுக்குள் 1988ஐ மூன்றாம் இடத்துக்கு ஏற்றிவிட்டாள். கொப்பி இப்போது அவளிடம்தான் இருக்கிறது.