நீதிபதி பாவோவையும் வாள்வீரர்களையும் சேர்த்து வாசிப்பது எப்படி

வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்பு, அம்பாறை வாசகருக்குச் சீனத்துப் பழைய வீரக் கதைகள் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. அரசவையில் நின்று நீதி கேட்கும் ஒருத்தியின் குரல் நமக்குப் பழகியது. ஆனால் நம் காவியத்தில் தவறியவன் நீதி வழங்க வேண்டிய பாண்டியனே. சீனக் கதையிலோ நீதிபதி பாவோ நேர்மையாகவே இருக்கிறார், குற்றவாளிதான் அவருடைய கைக்கு எட்டாத மதிலுக்குள் இருக்கிறான். அந்த மதிலைத் தாண்டத்தான் வாள்வீரன் வருகிறான். ஆகையால் நீதிபதியையும் வீரனையும் தனித்தனியே பிரித்து வாசிக்காதீர்கள். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருப்பதைப் பார்த்து வாசியுங்கள்.

கதைக்குள் இறங்குமுன் பாவோ செங் என்ற உண்மை மனிதரை அறிந்துகொள்ளுங்கள். சீனாவின் சோங் அரசில் 999 முதல் 1062 வரை வாழ்ந்த அதிகாரி அவர். 1057இல் தலைநகர் கைஃபெங்கின் நிர்வாகம் அவரிடம் வந்தபோது, வழக்காளி நேரே நீதிபதியின் முன்னால் போகக் கூடாது என்ற பழைய நடைமுறையை விலக்கி, முன்வாயிலைத் திறந்துவைத்து, எவரும் தம் வாயாலேயே முறையிட இடம் கொடுத்தார். இடையில் நின்ற எழுத்தர்கள் அதன்பின் ஏமாற்றத் துணியவில்லை என்று ‘சோங் வரலாறு’ என்ற பழைய வரலாற்று நூல் பதிந்திருக்கிறது. ஒரு கடிதத்தைக் கொடுப்பதற்காகக் கந்தோர் வாசலில் அரைநாள் காத்து நின்றவர்களுக்கு இந்த ஒரு செயலின் பெறுமதி விளங்கும். மக்கள் அவரைத் ‘தெளிந்த வானம்’ என்று அழைத்ததன் பொருளும் இங்கேதான் இருக்கிறது. அரச குடும்பத்தவருக்கு நாகத்தலை, அதிகாரிகளுக்குப் புலித்தலை, பொதுமக்களுக்கு நாய்த்தலை என்று அவரிடம் இருந்ததாகச் சொல்லப்படும் மூன்று வெட்டுக்கத்திகள் கதையில் வருபவை. அவற்றை வரலாறாக எண்ண வேண்டாம்.

வாசிக்க வேண்டிய நூல் ‘மூன்று வீரர்களும் ஐந்து தீரர்களும்’. 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் ஷி யூகுன் என்ற கதைசொல்லி பாடியும் பேசியும் நடத்திய கதைகளைக் கேட்டவர்கள் எழுத்தில் பிடித்தார்கள். அதிலிருந்து வளர்ந்து 1879இல் அச்சேறிய 120 அத்தியாயங்கள் அவை. செவிக்காகப் பிறந்த கதை என்பதால், நான்கைந்து பேர் வாசிகசாலையிலோ வீட்டு விறாந்தையிலோ கூடி, ஆங்கில மொழிபெயர்ப்பை ஒருவர் தமிழில் சொல்ல மற்றவர்கள் கேட்பதே சிறந்த வழி. பெயர்கள் முதலில் குழப்பும். எங்கள் வட்டத்தில் இரண்டாம் மாலையிலேயே பாதிப் பேர் வழி தவறினார்கள். பிறகு, கூத்துக் களரிக்கு ஒவ்வொருவரும் தத்தம் வரவுப் பாட்டோடு வருவதுபோல, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பெயர் வரும்போது அவர் யார், எந்த ஊரவர், எவருக்குக் கடன்பட்டவர் என்று சொல்ல வைத்தோம், குழப்பம் தீர்ந்தது.

முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பூனையும் எலியும் மோதும் பகுதியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் துணிந்த பரிந்துரை. பாவோவுக்குத் துணைநிற்கும் வாள்வீரன் ஜான் ஜாவ் அரசர் முன்னிலையில் தன் வித்தையைக் காட்டி உயரத்தில் பாய்ந்து ஏற, மகிழ்ந்த அரசர் அவனைத் தம் அரண்மனைப் பூனைக்கு ஒப்பிடுகிறார். அந்தப் பாராட்டே பட்டப்பெயராகிறது. ‘ஐந்து எலிகள்’ என்று பெயரெடுத்த உடன்பிறவாச் சகோதரர்களில் இளையவனான பை யூதாங்குக்கு இது பொறுக்கவில்லை. அவன் தலைநகருக்கு வந்து, பாவோவின் இடத்திலிருந்தே மூன்று அரும்பொருள்களைத் திருடித் தன் தீவுக்குக் கொண்டுபோகிறான்; தேடிவந்த ஜான் ஜாவைக் குகைக்குள் சிக்கவைக்கிறான். உள்ளே அகப்பட்டவன் நிமிர்ந்து பார்க்கிறான்: ‘பூனையைக் கோபத்தால் சாகடிக்குமிடம்’ என்ற பொருளில் ஒரு பலகை. இந்த இடத்தை விரைந்து கடக்காதீர்கள். பணமோ பதவியோ வேண்டாதவன், ஒரு பெயருக்காகச் சட்டத்தையே எதிர்க்கிறான். பண்டைய சிந்தனையாளர் ஹான் ஃபெய், வாளேந்திகள் தம் வலிமையால் தடைகளை மீறுகிறார்கள் என்று கடிந்தது இந்தக் குணத்தைத்தான்.

கொப்பியின் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் நீதிபதி ஆதாரத்தோடு செய்ததையும், வலப்புறம் வீரன் எவரையும் கேளாமல் செய்ததையும் எழுதிவாருங்கள். பை யூதாங் ஈற்றில் குற்றவாளியாகப் பாவோவின் முன் மண்டியிட்டு, மன்னிப்பும் காவற்பதவியும் பெறும் இடத்தில் இரு நிரல்களும் ஒன்றாகும். அப்போது அண்டை கிராமத்துச் சண்டைக் கதைகளைப் போல ‘யார் வென்றது’ என்று கேட்கத் தோன்றும். அதைவிட, மண்டியிட்டவனிடம் அந்தப் பெருமிதம் தணிந்ததா என்று கேளுங்கள்.

அதற்கு விடை பின்னால் வருகிறது. அரசு முத்திரை திருட்டுப் போன அவமானம் தாளாமல், துணைக்கு எவரையும் அழையாமல், சதிசெய்யும் இளவரசனின் பொறிக்கோபுரத்துக்குள் அவன் இரவில் தனியே நுழைகிறான். செம்புவலை அவனை மூடுகிறது. அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்து, அவன் செய்ததை எந்த நிரலில் எழுதுவதென்று வட்டத்தில் ஒவ்வொருவரையும் கேளுங்கள். எங்கள் கொப்பியில் அந்த இடம் இன்னும் இரண்டு நிரலிலும் எழுதப்பட்டு, இரண்டிலும் வெட்டப்பட்டிருக்கிறது.