ஜன்னலுக்கு மேலிருந்த வென்டிலேட்டரை அடைத்த பிறகுதான் ஏர் பியூரிஃபையர் வேலை செய்தது

என் மகளுக்கு மூன்று வயதிலிருந்து வீசிங் உண்டு. மார்கழி பிறந்தால் போதும், விடியற்காலை நான்கு மணிக்கு இருமல் ஆரம்பித்துவிடும். நாங்கள் இருப்பது பெரம்பூரில், தெருவைப் பார்த்த முதல் மாடி. வடக்கே கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு, அதையும் தாண்டினால் மணலி, எண்ணூர். பனிக்காலத்தில் காலைக் காற்று குளிர்ந்து தரையோடு படிந்துவிடுவதால் எந்தப் புகையும் மேலே போகாமல் தெருவிலேயே தங்கிவிடும். இரண்டு வருடம் முன்பு ஏர் பியூரிஃபையர் வாங்கினோம். முதல் ஒரு மாதம் ஒரு பிரயோஜனமும் இல்லை. மெஷினில் குறை இல்லை, அறையில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த விதத்தை வரிசையாக எழுதுகிறேன். புதிதாக வாங்குபவர்கள் அந்த ஒரு மாதத்தை இழக்க வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியூரிஃபையர் மருந்துக்கு மாற்று இல்லை. டாக்டர் சொன்ன இன்ஹேலரை நாங்கள் ஒரு நாளும் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள்.

1. ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள்

ஹால், சமையலறை, படுக்கையறை எல்லாவற்றையும் ஒரு மெஷினால் சுத்தம் செய்ய முடியாது. குழந்தையோ பெரியவர்களோ தூங்கும் அறை போதும். ஒரு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் சேர்ந்தாற்போல இருப்பது அங்கேதான்.

2. வாங்கும்போது சிஏடிஆர் எண்ணைப் பாருங்கள்

ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றை மெஷின் கொடுக்கும் என்பதுதான் சிஏடிஆர். எங்கள் அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. பெருக்கினால் 1200 கன அடி. அதை 35ஆல் வகுத்தால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவையாவது அறைக் காற்று முழுவதும் ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 170 வேண்டும். ஆனால் 170 உள்ள மெஷினை வாங்காதீர்கள். பெட்டியில் போட்டிருப்பது உச்ச வேகத்துக்கான எண். அந்த வேகத்தில் ராத்திரி முழுக்க ஓடினால் சத்தத்தில் தூக்கம் வராது. அதனால் கணக்குக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 300க்கு மேல் வாங்கி, நடு வேகத்தில் ஓட்டுங்கள்.

ஃபில்டர் ஹெப்பாவாக, அதாவது நுண்துகள்களைப் பிடிக்கும் வகையாக, இருக்க வேண்டும். எச்13 என்று போட்டிருந்தால் நல்லது. பிடிக்கவே கடினமான அளவுள்ள துகள்களில்கூட 99.95 சதவீதத்தைப் பிடிக்கும் தரம் அது. அயனைசர், பிளாஸ்மா என்றெல்லாம் விளம்பரம் வரும். எனக்கு அவை வேண்டாம். சில வகைகளிலிருந்து ஓசோன் வெளிவரும், அது மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும். வீசிங் உள்ள வீட்டில் அந்த ஆபத்து எதற்கு? மெஷினில் அந்தப் பட்டன் இருந்தால் அணைத்தே வையுங்கள். வைஃபை, செயலி எல்லாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்தப் பணத்தில் கையில் பிடிக்கிற அளவில் ஒரு பிஎம் 2.5 மீட்டர், அதாவது காற்றில் நுண்துகள் எவ்வளவு என்று காட்டும் கருவி, வாங்குங்கள் என்று யாரிடமும் சொல்வேன். அது இல்லாமல் எனக்கு எதுவுமே புரிந்திருக்காது.

மாற்று ஃபில்டரின் விலையையும், அது கடையில் கிடைக்கிறதா என்பதையும் மெஷின் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

3. அறையை அடையுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கதவை மூடி, ஜன்னலை மூடி, மெஷினை ஓடவிட்டால் மீட்டரில் 110 இருந்தது ஒரு மணி நேரத்தில் 60க்கு வரும். அப்புறம் அசையாது. மூன்று மணி நேரம் ஓடினாலும் 58, 61, 59 என்று அங்கேயே சுற்றும். மீட்டர் காட்டுவது ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் என்பதை. இந்தியாவில் பிஎம் 2.5க்கு 24 மணி நேர சராசரிக்கான வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. ஜன்னல் மூடிய அறைக்குள் 60 என்றால் மெஷின் வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

ஒரு ராத்திரி மெஷினை நிறுத்திவிட்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறையைச் சுற்றி வந்தேன். ஜன்னல் ஓரத்தில் புகை நேராகவே எழுந்தது. கதவுக்கு அடியில் வைத்தபோது லேசாக உள்பக்கம் சாய்ந்தது. ஸ்டூல் மேல் ஏறி ஜன்னலுக்கு மேலே கொண்டுபோனேன். புகை மொத்தமும் வளைந்து என் முகத்துக்கு வந்தது. பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே சாய்வான கண்ணாடிப் பட்டைகளோடு ஒரு வென்டிலேட்டர் இருக்குமே, அது. சுவரோடு சேர்த்துப் பூசியது, மூடவே முடியாது. அதற்குப் பின்னாலிருந்த கொசுவலை கரிபிடித்து அடுப்பங்கரைச் சுவர் மாதிரி இருந்தது. இத்தனை நாள் நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் என் கணவர் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து ஒரு அக்ரிலிக் ஷீட் வெட்டி வாங்கி வந்தார். ஓரம் முழுக்க ஃபோம் டேப் ஒட்டி, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு உள்பக்கம் பொருத்தினோம். சித்திரை வெயிலில் கழற்ற வேண்டும் என்பதால் நிரந்தரமாக அடைக்கவில்லை. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. ஏசி குழாய் போகும் ஓட்டையைச் சுற்றி எம்சீல். அன்று ராத்திரி 104இலிருந்து 14க்கு வர நாற்பது நிமிடம் ஆனது. அதே மெஷின், அதே வேகம். நம்ப முடியாமல் மீட்டரைத் தலையணைப் பக்கம், அலமாரிப் பக்கம், தரையில் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாத்ரூம் அறையோடு சேர்ந்திருந்தால் அங்கே ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் கவனியுங்கள். அது உள்ளேயிருந்து காற்றை வெளியே தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்ப இருக்கிற இடுக்கிலிருந்தெல்லாம் தெருக் காற்று உள்ளே வரும். குளித்து முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: பாத்ரூமில் கேஸ் கீஸர் இருந்தால், அறையில் கரி அடுப்பு மாதிரி ஏதாவது எரிந்தால், இப்படி அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடை எந்த ஹெப்பா ஃபில்டரும் பிடிக்காது. அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. உயிருக்கே ஆபத்து.

4. வைக்கும் இடமும் வேகமும்

சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, திரைச்சீலை உறிஞ்சும் பக்கத்தை மூடாதபடி வையுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம்.

வேகத்தை ஆட்டோவில் விடாதீர்கள். மெஷினுக்குள் இருக்கும் சென்சார் தன் பக்கத்திலிருக்கும் காற்றை மட்டும்தான் பார்க்கும். அங்கே சுத்தமாகிவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடும். எங்கள் மெஷின் 12 என்று காட்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, எட்டடி தள்ளி மகள் தலைமாட்டில் மீட்டர் 37 காட்டியது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு உச்ச வேகம், அப்புறம் காலை வரை நடு வேகம். இதுதான் எங்கள் வழக்கம். கரண்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். 40 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட். இரண்டு மாத பில்லில் 24 யூனிட்தான் கூடும்.

சேர்க்கை: ஒருவர், "செயலியில் வெளியே 150, மெஷினில் உள்ளே 75, அப்படியானால் பாதி சுத்தமாகிவிட்டதா?" என்று கேட்டிருந்தார். இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி காட்டுவது ஏக்யூஐ என்ற காற்றுத் தரக் குறியீடு, மெஷின் காட்டுவது மைக்ரோகிராம். 75 மைக்ரோகிராம் என்றால் நம் நாட்டுக் குறியீட்டில் ஏறக்குறைய 150. இரண்டும் ஒரே காற்றுதான். அவர் வீட்டிலும் எங்கேயோ திறந்திருக்கிறது. ஊதுபத்தியோடு ஒரு சுற்று வரச் சொன்னேன்.

இன்னொரு சேர்க்கை: எவ்வளவு ஓட்டினாலும் துளிகூடக் குறையவில்லை என்று ஒரு அம்மா எழுதினார். பின்பக்க மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஃபில்டர் வந்தபடியே பாலிதீன் உறைக்குள் இருந்ததாம். பல மெஷின்களில் அப்படித்தான் வரும். முதல் முறை ஓட்டும் முன் பிரித்துப் பாருங்கள்.

5. உள்ளே புகை வேண்டாம்

கொசுவர்த்தியைக் கொளுத்திவிட்டு பியூரிஃபையரை ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. கொசுவலை கட்டுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு. அத்தைக்கு அது வெறும் வாசனை இல்லை, நாற்பது வருட வழக்கம். அவரிடம் பேசி, படுக்கையறைக் கதவை மூடிவிட்டு பூஜையறையிலும் ஹாலிலும் மட்டும் காட்டுவது என்று முடிவு செய்தோம். மீட்டரைக் காட்டியதும் அவரே, "கதவ நல்லா சாத்துடி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மிளகாய் வறுக்கும்போதும் மீன் பொரிக்கும்போதும் அதே ஏற்பாடுதான்.

6. மத்தியானம் திறந்துவிடுங்கள்

மூடியே வைத்திருந்தால் நாம் விடும் மூச்சின் கார்பன் டையாக்சைடு சேர்ந்துகொண்டே போகும். பியூரிஃபையர் அதை எடுக்காது. ஸ்ப்ளிட் ஏசியும் வெளிக்காற்றைக் கொண்டுவராது, இருப்பதையே சுற்றவிடும். மத்தியானத்துக்கு மேல் வெயிலில் காற்று மேலெழும்பிக் கலந்துவிடும், கடற்காற்றும் வரும். எங்கள் பக்கம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை மீட்டர் மிகக் குறைவாகக் காட்டுகிறது. ஜன்னல் திறக்கும் நேரம் அதுதான். உங்கள் தெருவுக்கு எது என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள். மூடுபனி இருக்கும் காலையில் மட்டும் மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். ஈரத்தில் ஊதிய துகளையும் நீர்த்துளியையும் தூசு என்றே எண்ணி அது கூடுதலாகக் காட்டும்.

7. ஃபில்டர்

வெளிப்பக்க வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாக்குவம் பிடியுங்கள். ஹெப்பாவைத் தண்ணீரில் அலசாதீர்கள். அலசினால் வெள்ளையாகிவிடும், ஆனால் துகளைப் பிடிக்கும் சக்தி போய்விடும். எங்களுக்கு ஒரு ஃபில்டர் எட்டு மாதம் வருகிறது. கார்த்திகை கடைசியில் புதிது போட்டுவிடுவேன், ஏனென்றால் அடுத்து மார்கழி, அப்புறம் போகி.

8. போகி ராத்திரி

2018 போகியன்று காலையில் புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. வடசென்னைத் தெருக்களில் டயர் எரித்த காலம் இப்போது குறைந்திருக்கிறது, ஆனாலும் பழைய பாயும் துணியும் எரியத்தான் செய்கின்றன. முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கே அறையை அடைத்துவிடுங்கள். மூன்று மணிக்கு அலாரம் வைத்து உச்ச வேகத்துக்கு மாற்றுங்கள். கதவிடுக்கில் ஈரத்துண்டு.

போன போகியன்று ஐந்தரை மணிக்கு பால்கனியில் மீட்டர் 400ஐத் தாண்டியது. அறைக்குள் 31. கீழே பிள்ளைகள் போகி மேளம் கொட்ட ஆரம்பித்ததும் மகள் எழுந்துகொண்டாள். இருமவில்லை. வாங்கி வைத்திருந்த மேளத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவர்களுக்குப் பதில் கொட்டினாள். வெளியே மீட்டர் 50க்குக் கீழே வந்தபோது மணி இரண்டரை. அப்போதுதான் ஜன்னலைத் திறந்தோம்.