ஸ்பானிஷ் படிக்க சலமான்கா போகிறீர்களா? தங்குமிடம் தேர்ந்தெடுப்பது எப்படி

ஸ்பெயினுக்கு மொழி படிக்கப் போகிறவர்கள் பள்ளியைத் தேடுவதற்கு வாரக்கணக்கில் மெனக்கெடுவார்கள். தங்குமிடம் என்று வரும்போது மட்டும் படிவத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வகுப்பு என்னவோ தினம் நாலு மணி நேரம்தான். மிச்சப் பொழுதில் யாரோடு, எந்த மொழியில் பேசப்போகிறீர்கள் என்பது வீட்டைப் பொறுத்தது.

சலமான்காவை வைத்தே சொல்கிறேன். 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர், வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துப் பழகிய ஊர். மையப் பகுதியில் எங்கும் நடந்தே போகலாம். பார்சிலோனாவில் நீங்கள் தங்கும் வீட்டார் தங்களுக்குள் ஸ்பானிஷ் அல்லாமல் கத்தலான் என்ற அந்தப் பகுதி மொழியில் பேசலாம். அ, ஆ படிக்கும் நிலையில் அந்தக் குழப்பம் எதற்கு?

படி 1: எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு மாதம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒரு குடும்பத்தோடு தங்குங்கள். மூன்று மாதமோ அதற்கு மேலோ என்றால் முதல் சில வாரம் குடும்பம், பிறகு நேரில் பார்த்து, பலர் பகிர்ந்து இருக்கும் வீட்டில் ஓர் அறை. இங்கிருந்தே ஆறு மாதத்துக்கு அறை பிடித்துவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை.

'ரெசிடென்சியா' என்கிற மாணவர் விடுதி வசதியானதுதான். ஆனால் கோடையில் அங்கே நம்மைப் போன்ற வெளிநாட்டவரே அதிகம், சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம்தான் ஓடும்.

விசாவுக்குத் தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். பள்ளி மூலமாகக் குடும்பத்தை ஏற்பாடு செய்தால் அதற்கான கடிதத்தையும் அவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம்.

படி 2: குடும்பத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் கேள்வி: வேறு மாணவர்கள் அந்த வீட்டில் இருக்கிறார்களா, என்ன மொழி பேசுபவர்கள்? ஆங்கிலம் பேசும் இன்னொருவர் பக்கத்து அறையில் இருந்தால் உங்கள் ஸ்பானிஷ் அங்கேயே படுத்துவிடும். இரண்டாவது: வீட்டார் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்களா? மூன்றாவது: பள்ளிக்கு எவ்வளவு நேர நடை?

இந்த மூன்றாவது ஏன் முக்கியம் என்றால், ஸ்பெயினில் பெரிய சாப்பாடு மதியம் 2 மணிக்கு மேல்தான். வகுப்பு முடிந்து நடந்தே வீடு வந்து சேர முடிந்தால் மூன்று வேளை உணவோடு, அதாவது 'பென்சியோன் கொம்ப்ளேத்தா' எடுங்கள். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்த வகுப்பும் கிடையாது. தூரமான வீடு என்றால் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

படி 3: சைவமா? வரிசையாகச் சொல்லிவிடுங்கள்

"நான் வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் போதாது. மாட்டிறைச்சித் துண்டு இருக்காது, ஆனால் பருப்புக் குழம்பில் சொரீத்தோ என்ற பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். சாலடில் சூரை மீன் இருக்கும். அவர்கள் கணக்கில் அது சாலட். எனவே ஒரே மூச்சில் இப்படிச் சொல்லுங்கள்: "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி அத்தூன், நி ஹமோன், நி சொரீத்தோ." கறி, கோழி, மீன், சூரை, பன்றித்தொடை, தொத்திறைச்சி எல்லாம் அடங்கிவிட்டது. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பாதிக் கவலை விட்டது. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுடும் தொர்த்தியா எந்த வீட்டிலும் கிடைக்கும். முட்டையும் இல்லையென்றால் பகிர்வு வீடும் சொந்தச் சமையலும்தான் நிம்மதி.

இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். பசி தாங்காதவர்கள் பையில் முறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பகிர்வு வீட்டு அறையை நேரில் பாருங்கள்

இதியலிஸ்தா (Idealista) என்ற வீட்டு விளம்பரத் தளத்திலும், பல்கலைக்கழக அறிவிப்புப் பலகைகளிலும் விளம்பரங்கள் இருக்கும். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று எழுதும் உரிமையாளர் மோசடிக்காரர், சந்தேகமே வேண்டாம்.

அறைக்குள் போனதும் ஜன்னலைத் திறந்து பாருங்கள். விளம்பரத்தில் 'இந்தேரியோர்' என்றிருந்தால் ஜன்னல் தெருவைப் பார்க்காது, கட்டடத்தின் நடுவே உள்ள முற்றத்தைப் பார்க்கும். வெளிச்சம் குறைவு, அடுத்த வீட்டுப் பொரியல் வாசனை அதிகம். தெருப்பக்க அறை என்றால் கீழே மதுக்கடை இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர் ஊர் என்பதால் வியாழன் இரவே கூத்து தொடங்கிவிடும்.

அடுத்து சூடு. சலமான்கா ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். சுவரோரம் ரேடியேட்டர் இருக்கிறதா, அதைக் கட்டடம் முழுவதற்கும் பொதுவாக இயக்குகிறார்களா, வீட்டுக்குத் தனியா என்று கேளுங்கள். பொது என்றால் அவர்கள் வைத்த நேரத்துக்குத்தான் சூடு வரும். வெந்நீருக்கு ஆரஞ்சு நிற கேஸ் சிலிண்டர் என்றால், தீர்ந்தால் யார் வாங்குவது என்பதையும் கேட்டுவிடுங்கள். சோப்புப் போட்ட நிலையில் அது தீர்ந்துபோவதுதான் வழக்கம்.

கடைசியாக, அங்கே இருப்பவர்களோடு பத்து நிமிடம் ஸ்பானிஷில் பேசுங்கள். தட்டுத் தடுமாறினாலும் அவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவாமல் காத்திருந்தால், அறை கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பணமும் காகிதமும்

'கஸ்தோஸ் இன்க்லுயிதோஸ்' என்றால் மின்சாரம், தண்ணீர் எல்லாம் வாடகைக்குள் அடக்கம். அந்த வாசகம் இல்லாவிட்டால் போன ஜனவரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். அட்வான்ஸ் தொகைக்குப் பெயர் 'பியான்சா'. சட்டப்படி நிரந்தரக் குடியிருப்பு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, குறுகிய கால ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம். மாணவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடும் முன் எது என்று பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்த சான்று தேவைப்படலாம். சில உரிமையாளர்கள் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். பணம் கொடுத்த பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை, முன்பே கேளுங்கள்.

சாவி வாங்கும் அன்றே சுவர்க் கறை, உடைந்த கைப்பிடி, மின் மீட்டர் எல்லாவற்றையும் படம் பிடித்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். காலி செய்யும்போது பியான்சாவில் கை வைக்க நினைத்தால் அந்தப் படங்களைக் காட்டலாம்.