கொடை நோட்டில் வில்லுக்கூலி: பழைய கணக்கைப் படிக்கும் முறை

குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கத்து (நாஞ்சில்நாட்டு) ஊர்க்கோயில்களில் பழைய கொடைக் (ஊர்த் திருவிழா) கணக்கு நோட்டு கிடைத்தால், அந்தக் காலத்தில் வில்லுப்பாட்டுக்கும் மேளத்துக்கும் ஊர் என்ன கொடுத்தது என்று ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். அவசரப்பட்டால் எல்லாமே தப்பாகும்.

முதலில் அது யார் பணம் என்று பாருங்கள். சுசீந்திரம் மாதிரிப் பெரிய கோயில்களின் நிலத்தைக் கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, 1811-12 வாக்கில், திருவிதாங்கூர் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதன்பின் அங்கே நாதஸ்வரக்காரருக்குப் போன சம்பளம் சர்க்கார் செலவு. 1930-ல் தேவதாசி ஊழியத்தை நிறுத்தியதும் இப்படிச் செலவைக் கையில் வைத்திருந்த சர்க்கார் எடுத்த முடிவுதான். 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, மாறிவந்த கோயில்களுக்காக வருஷம் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று அரசியலமைப்பின் 290ஏ பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். சுடலைமாடன் கோயிலுக்கும் இசக்கியம்மன் கோயிலுக்கும் இந்த வழியில் காசு வரவில்லை. அங்கே தலைக்கட்டு வரிதான் (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் பிரிக்கும் வரி) முதல். ஆகவே இரண்டு கணக்கையும் ஒரே அட்டவணையில் போடக்கூடாது.

அடுத்தது வருஷம். நோட்டில் திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு இருக்கும். ஆங்கில ஆண்டு தெரிய ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, அதன்பின் ஆடி முடிய 825 கூட்டுங்கள். கொல்லம் 1110 பங்குனிக் கொடை என்றால் 1935. கொடைகள் பெரும்பாலும் பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் வருவதால், எல்லாவற்றுக்கும் 824 போடுகிறவர்கள் ஒரு வருஷம் பின்னால் போய்விடுகிறார்கள். தமிழ் எண்ணில் எழுதியிருந்தால் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௸ என்ற குறி ‘மேற்படி’. அதைக் கிறுக்கல் என்று தள்ளினால், வில்லுக்காரருக்கு இரண்டாம் தடவை கொடுத்த தொகை விட்டுப்போகும்.

சறுக்குவது அதிகமும் நாணயத்தில்தான். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய் என்று குறித்திருந்தால் 28 சக்கரம் 8 காசு. மூன்று பத்தி போட்ட நோட்டில் நடுப்பத்தி சக்கரமா அணாவா என்ற குழப்பம் வரும். பக்கம் முழுக்க ஓட்டிப் பாருங்கள்: நடுவில் எங்காவது 15-க்கு மேல் எண் வந்தால் அது சக்கரம். அணாவாக இருந்தால் (ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை) நடுப்பத்தி 15-ஐயும் கடைசிப்பத்தி 11-ஐயும் தாண்டாது. 1957 ஏப்ரலுக்குப் பிறகு நயாபைசா.

தொகை தெரிந்ததும் தங்க விலையை வைத்து இன்றைய ரூபாய்க்கு மாற்றுவது வீண் வேலை. அதே நோட்டில் படைப்புக்கு வாங்கிய நெல்லின் விலை இருக்கும். அதுதான் நல்ல அளவுகோல். ஒரு கற்பனைக் கணக்கு: வில்லுப்பாட்டு வகை அச்சாரம் 3 பணம், பாக்கி 4 ரூபாய். சக்கரமாக்கினால் 12-ம் 112-ம் சேர்ந்து 124. நெல் ஒரு கோட்டை (பழைய நெல் அளவு) 5 ரூபாய், அதாவது 140 சக்கரம். நாஞ்சில்நாட்டுக் கோட்டைக்கு 21 மரக்கால், ஆக ஒரு மரக்கால் ஏறக்குறைய 6⅔ சக்கரம். குழுவுக்கு 18.6 மரக்கால் நெல் கிடைத்திருக்கிறது. ஆறு பேர் என்றால் தலைக்கு 3.1, இரண்டு ராத்திரி பாடியிருந்தால் ராத்திரிக்கு ஒன்றரை மரக்கால். கிலோவுக்கு மாற்றாதீர்கள், எல்லா மரக்காலும் ஒரே அளவில்லை.

அந்த ‘ஆறு பேர்’ நோட்டில் இருக்காது. தலைமைப் பாடகரான புலவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். வில், உடுக்கு, குடம், தாளம், கட்டை என்று கருவியை எண்ணி, பின்பாட்டுக்காரரையும் சேர்த்து, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். நையாண்டி மேளத்தில் கரகாட்டக்காரரின் கூலி மேளத்துக்குள் அடங்கியதா தனியா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு ஓட்டை. வேட்டி, அரிசி, தேங்காய், மூன்று வேளைச் சாப்பாடு ஆகியவை வேறு தலைப்பில் கலந்திருக்கும். முடிந்தவரை பிரித்துச் சேருங்கள். பாட்டு நடுவே கூட்டத்திலிருந்து வந்த அன்பளிப்பு எந்த நோட்டிலும் ஏறாது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் எண், ஊர் கொடுத்த குறைந்தபட்சம்தான். முழு வருமானம் என்று அதை எழுதிவிடாதீர்கள்.

மைக்செட்டும் டியூப்லைட்டும் வந்த பிறகான நோட்டுகளில் ஒலி-ஒளிக்கு ஒரு பத்தி, வில்லுக்கு ஒரு பத்தி போட்டு, மொத்தச் செலவில் இரண்டும் எத்தனை சதவீதம் என்று ஆண்டுவாரியாக எழுதுங்கள். எந்தக் கொடையில் ஒன்று மற்றதை முந்தியது என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.