லேப்ல பாக்டீரியா க்ரோத் கர்வ் போடுறது எப்படி
லேக், லாக், ஸ்டேஷனரி, டெத்னு பாக்டீரியா வளர்ச்சியோட நாலு கட்டத்தோட பேர மனப்பாடம் பண்றத விட ஒரு தடவ நீங்களே க்ரோத் கர்வ் (நேரம் போகப்போக பாக்டீரியா எவ்வளவு பெருகுதுன்னு காட்டுற கிராஃப்) போட்டுப் பாருங்க, எது எதனால வருதுன்னு நல்லாவே புரியும்.

மொத நாள் சாயங்காலமே ஈ.கோலை கே-12 மாதிரி ஆபத்தில்லாத லேப் ஸ்ட்ரெயின (பாக்டீரியா வகைய) எல்பி மீடியால (பாக்டீரியா வளர்ற சத்து திரவத்துல) போட்டு 37 டிகிரி ஷேக்கர்ல விட்டுருங்க. காலைல அதுலேர்ந்து 1 எம்எல் எடுத்து, அதே சூட்டுல ரெடியா வச்சிருக்குற 100 எம்எல் புது மீடியால ஊத்துங்க, ஃப்ளாஸ்க் 500 எம்எல்லாவது இருக்கணும், இல்லன்னா காத்து பத்தாது. வெறும் மீடியாவ வச்சு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர (ஒளிய அளக்குற மெஷின) ப்ளாங்க் பண்ணிட்டு, அதாவது பூஜ்யத்துக்கு கொண்டு வந்துட்டு, 600 நானோமீட்டர்ல 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஓ.டி. (கலங்கல் அளவு, செல் கூடக்கூட ஏறும்) எடுத்துட்டே போங்க.

ஆரம்பத்துல ரீடிங் நகரவே நகராது, மெஷின் கோளாறுன்னு நெனச்சுடாதீங்க, இதான் லேக். செல் சும்மா கெடக்கல, புது மீடியாவுக்கு வேண்டிய என்சைம், ரைபோசோம் எல்லாம் தயார் பண்ணிட்டு இருக்கு. கல்ச்சர் பழசா இருந்தா லேக் நீளும். வேகமா வளந்துட்டு இருக்குறத அதே மீடியாவுக்கு மாத்துனா லேக் கிட்டத்தட்ட இருக்காது.

அடுத்தது லாக், செல் வேகமா இரட்டிச்சுட்டே போற கட்டம். கிராஃப்ல ஓ.டி. வர்ற அச்ச கண்டிப்பா லாக் ஸ்கேல்ல (ஒவ்வொரு படியும் பத்து மடங்கா ஏறுற அளவுல) போடுங்க, அப்பதான் இந்தக் கட்டம் நேர்கோடா விழும். அந்தக் கோட்டுக்குள்ள 0.1 எப்போ 0.2 ஆகுதுன்னு பாருங்க, அந்த நேரம்தான் டபுளிங் டைம், எல்பில ஈ.கோலைக்கு சுமார் 20 நிமிஷம் வரும். ஓ.டி. 0.5 தாண்டிட்டா மெஷின் கொறச்சு காட்ட ஆரம்பிக்கும், அதனால சாம்பிள மீடியாலயே 10 மடங்கு டைல்யூட் பண்ணி அளந்து 10ஆல பெருக்கிக்கோங்க. இத பண்ணாம விட்டா லாக் இன்னும் முடியாதப்பவே ஸ்டேஷனரி வந்துட்ட மாதிரி தெரியும்.

உண்மையான ஸ்டேஷனரி, சத்து தீந்து கழிவு சேந்த பிறகு கோடு படுக்குறது.

டெத் ஃபேஸுக்கு மட்டும் ஓ.டி.ய நம்பவே நம்பாதீங்க, செத்த செல்லும் ஒளிய சிதறடிக்கும், அதனால ரீடிங் எறங்காமலே நிக்கலாம். சீரியல் டைல்யூஷன் பண்ணி (படிப்படியா பல மடங்கு டைல்யூட் பண்ணி) அகார் ப்ளேட்ல 0.1 எம்எல் பரப்பி, மறுநாள் 30லேர்ந்து 300 காலனி (உயிரோட இருக்குற செல் வளந்து உண்டாகுற புள்ளி) வரைக்கும் இருக்குற ப்ளேட்ட மட்டும் எண்ணுங்க. ஒரே நாள்ல இது தெரியாது, அடுத்தடுத்த நாளும் அதே ஃப்ளாஸ்க்லேர்ந்து எடுத்து ப்ளேட் பண்ணணும்.