ஜீப் பெட்ரோல் பம்புக்காக தரையை வெட்டின கதை

ரங்கூன்லேர்ந்து பீலிக்கான் கோயிலுக்குப் போற வழியில நம்ம பழைய பெட்ரோல் ஜீப் பொசுக்குன்னு நின்னுடுச்சு, அரை மணி நேரம் ஆறவிட்டா ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் போய் மறுபடி நிக்கும். ஃபில்டர், ரிலே, பிளக்குன்னு மாத்தி நாலு நாள் வேஸ்ட். பெட்ரோல் அழுத்தம் காட்டுற கேஜ் மாட்டிப் பாத்தா சூடானதும் 3 பார் இருந்தது 1-க்கு இறங்குது, சரி, பெட்ரோலத் தள்ளுற பம்புதான் போச்சுன்னு நெனச்சோம்.

பம்பு டேங்குக்குள்ள, டேங்கக் கழட்டலாம்னா போல்ட்டு எல்லாம் துரு. மெக்கானிக் அண்ணன் மேலேர்ந்து ஜீப்போட தகரத் தரையை வெட்டிடலாம்னாரு. கிரைண்டர் மட்டும் வேணவே வேணாம், பொறி பறக்கும், கீழ பெட்ரோல்! பேட்டரியக் கழட்டிட்டு, கதவெல்லாம் தொறந்து வச்சு, அடியில கைய விட்டு ஹோஸ் எங்க ஏறுதுன்னு தடவி அளந்தோம், பம்பு மூடி நடுவுல இல்ல, ஒரு சாண் இடப்பக்கம். கை டிரில் பிட்டுல டேப் சுத்திக்கிட்டோம், தகரத்தத் தாண்டி உள்ள எறங்காம இருக்க. அப்புறம் தகரம் வெட்டுற கத்திரியால மூணு பக்கம் வெட்டி மடக்கிட்டோம்.

புது பம்பு போட்டும் அதே கதை! கடைசியில பாத்தா பம்பு மூடி மேல இருக்குற சாக்கெட்ல எர்த் பின் (கரண்ட் திரும்பிப் போற பின்) கருகிப்போயி பிளாஸ்டிக்கே உருகியிருக்கு, சூடானா கரண்ட் சரியா போகல. அந்தப் பின்ன மாத்தினதும் 3 பார் அசையல. பழைய பம்பு நல்லாதான் இருந்திருக்கு, இப்ப ஸ்பேரா பெட்டியில கெடக்கு. வெட்டின ஓரத்துல பெயிண்ட் அடிச்சு, ரப்பர் வச்சு ஸ்க்ரூ போட்டு மூடியாச்சு.