வெல்டிங் செய்த லாரி பாகங்களைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

டிப்பர் லாரியின் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), பிராக்கெட் (தாங்கி) போன்ற பாகங்களில் துரு முதலில் தலைகாட்டும் இடம் பெரும்பாலும் வெல்டிங் இணைப்புதான். அங்கே ஒட்டியிருக்கும் ஸ்லாக்கும் (வெல்டிங் கசடு), தெறித்து உறைந்த ஸ்பாட்டர் மணிகளும் பெயின்ட்டை இரும்போடு பிடிக்க விடுவதில்லை. கூர்மையான விளிம்புகளிலோ பெயின்ட் வழிந்து மெலிந்துவிடுகிறது. ஆகவே உழைப்பில் பெரும்பங்கை இணைப்புகளுக்கே ஒதுக்குங்கள்.

முதலில் தின்னர் நனைத்த சுத்தமான துணியால் எண்ணெய், கிரீஸ் அனைத்தையும் துடைத்தெடுங்கள். அதற்கு முன்பே கிரைண்டர் பிடித்தால் எண்ணெய் இரும்பின் பரப்பெங்கும் இழுபட்டுப் பரவிவிடும். பிறகு ஸ்லாக்கைத் தட்டி, ஸ்பாட்டரைச் செதுக்கி நீக்கி, கூர்விளிம்புகளைச் சுமார் 2 மி.மீ. ஆரம் வருமாறு மழுக்குங்கள். இணைப்பின் பலம் குறையும் என்பதால் வெல்டிங்கையே தேய்த்துக் கரைத்துவிடக் கூடாது.

அடுத்தது பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தால் கரடான துகள்களை வீசியடித்துச் சுத்தம் செய்வது. 'எஸ்ஏ 2.5' என்னும் சுத்தத் தரத்தில், அதாவது ஏறத்தாழ முழுவதும் வெண்சாம்பல் நிறம் தெரியும் வரை சுத்தம் செய்து, 4 மணி நேரத்துக்குள் பிரைமர் (முதல் கோட்டு) அடித்துவிட வேண்டும். பிளாஸ்டிங் வசதி இல்லாதவர்கள் கம்பி பிரஷ்ஷை மட்டும் நம்ப வேண்டாம். அது ஆலைச் செதிலை (ஆலையில் உருட்டும்போதே இரும்பின் மேல் படியும் கருஞ்செதில்) பளபளப்பாக்கிச் சுத்தமான இரும்பு போலக் காட்டிவிடும். கிரைண்டரில் மாட்டும் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட வட்டு) கொண்டு செதில் போகும் வரை தேய்ப்பதே சரி.

துத்தநாகம் செறிந்த எபாக்சி பிரைமரைப் பிளாஸ்டிங் செய்த இரும்பில்தான் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் இரும்போடு நேரடித் தொடர்பு இருந்தால்தான் துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். கையால் தேய்த்த பரப்புக்கு, அத்தகைய பரப்புக்கென்றே வரும் எபாக்சி மாஸ்டிக் என்னும் கெட்டியான பெயின்ட் ஏற்றது. துத்தநாகம் டப்பாவின் அடியில் படியும் என்பதால் அடிவரை கலக்கி, ஹார்டனரை (பெயின்ட்டை இறுகவைக்கும் கலவை) நிறுவனம் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்து, ஸ்பிரே செய்வதற்கு முன் எல்லா இணைப்புகளிலும் விளிம்புகளிலும் பிரஷ்ஷால் ஒரு கோட்டு போடுங்கள். பிரஷ் முடி நுண்ணிய குழிகளுக்குள் பெயின்ட்டைத் தள்ளும், ஸ்பிரே அவற்றின் மேலே பாலமாக நின்றுவிடும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் விலையுயர்ந்த பெயின்ட்டும் பலன் தராது என்பது என் உறுதியான கருத்து.

இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாகவும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். அதிகாலையில் இரும்பு வியர்த்திருக்கும்போது பெயின்ட் அடிக்காதீர்கள்.

பிரைமர் 60 முதல் 75 மைக்ரான், அதன் மேல் எபாக்சி இடைக்கோட்டு 100 மைக்ரான், கடைசியில் பாலியூரித்தேன் 50 மைக்ரான் என்பது நல்ல அளவு. எபாக்சி வெயிலில் சுண்ணாம்பு பூத்துப்போகும் என்பதால் பாலியூரித்தேன் மேல்கோட்டு தேவைப்படுகிறது. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். துணி முகக்கவசம் பயன்படாது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் கவசமே பாதுகாப்பானது.

விட்டுவிட்டு வெல்டிங் செய்த இடைவெளிகளைப் பிரைமருக்குப் பின் சீலன்ட் இட்டு அடைத்துவிடுங்கள். பெட்டிக் குழாய்களின் அடியில் நீர் வடியும் துளை கட்டாயம் வேண்டும். பெயின்ட் முழுமையாக இறுகச் சாதாரண வெப்பத்தில் சுமார் 7 நாட்கள் ஆகும்; அதற்குள் ஜல்லி ஏற்றாதீர்கள்.